அடுப்பில்லாமக் கொதிக்குமா?

கொஞ்சம் அங்கிட்டு நகந்து உக்காரு தாயி. இந்தப் பைய மடியிலயே வச்சுக்கிறேன், கீழ வைக்க முடியாது. உள்ள சூடம், தேங்கா, வெத்தலை, தாம்பாளம் எல்லாம் இருக்கு. சாமி சாமானு, கால் படக் கூடாது. ஏப்பா டிரைவரு, இன்னும் யாருக்காகக் காத்துக்கிட்டு நிக்குற? வண்டிதான் நெறைஞ்சு போச்சுல்ல, எடுப்பா வெரசா. பஸ்ஸு வந்திருந்தா நான் ஏன் இந்தத் தகர டப்பாவுல ஏறுறேன்? அதுவும் மாருதி வேனு. மாருதி வேனைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

நீ எங்க, கொடைக்கானலா? வேலைக்கா? நல்லாருக்கட்டும். நான் அதுக்கும் மேல, பூம்பாறை. எம்மக வீடு இருக்கு. வீடுன்னு சொல்றேன் பாரு, அவ வீடு வத்தலக்குண்டுலதான், என் வீடுதான் அவ வீடு. மேல இருக்கிறது அவ புருசன் வீடு. இன்னைக்குக் காலையில நான் மார்க்கெட்டுக்குக் காய் எடுக்கப் போயிட்டு வர்றேன், வீட்டோட சேந்த எஞ் சோத்துக்கடைக் கதவு சாத்திக் கெடக்கு. சாவி எதுத்த டீக்கடையில இருக்கு. "யக்கா, ஒங்க மக பிள்ளையத் தூக்கிக்கிட்டு மொத பஸ்ஸுல மேல போயிருச்சு"ங்கிறான் டீக்கடைக்காரன். கண்ணால பாத்துக்கிட்டு நின்னுருக்கான், எனக்கு ஒரு போனு பண்ணுனானா? எடுபட்ட பய.

வயிறு எரியுது தாயி. ஒரு வருசமா நான் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, என் இடுப்புலயே வச்சு வளத்த பிள்ளை. எம்பேரன். தர்சன்னு பேரு வச்சிருக்காங்க, என் வாயில நொழையாது, நான் கருப்பான்னுதான் கூப்பிடுவேன். இன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள மகளையும் பேரனையும் கையோட கீழ கூட்டிட்டு வரலைன்னா எம்பேரு சிட்டம்மா இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் சிட்டம்மா சோத்துக்கடைன்னு யாரை வேணாலும் கேளு, சொல்லுவாங்க. நான் ஒண்ணு சொல்லிட்டா சொன்னதுதான்.

அவ புருசன் பேரு வேலப்பன். மாப்ளைன்னு சொல்ல எனக்கு இப்ப வாய் வராது, அவன் இவன்னுதான் பேசுவேன். நீ தப்பா நெனைக்காத. மேல பூண்டு, கேரட்டு, உருளைன்னு வெள்ளாமை பாக்குறான். காய் ஏத்துறதுக்கு இதே மாதிரி ஒரு வேனு, இதைவிட ஓட்டை. ஆளு பாக்க அமைதியா இருப்பான், நாலு வார்த்தை கேட்டா ஒரு வார்த்தை பேசுவான். அந்த ஊமை மூஞ்சியப் பாத்துத்தான் நானும் ஏமாந்து பொண்ணைக் குடுத்தேன்.

கல்யாணம் முடிஞ்ச கையோட நாலு நாள் அங்க போய்த் தங்குனேன். அப்பவே தெரிஞ்சு போச்சு எனக்கு. மொத நாளு நானே சமைக்கிறேன்னு ஒலை வச்சேன். வச்ச சுருக்குல தளதளன்னு கொதிக்குது. அட, நல்ல அடுப்பா இருக்கேன்னு பருப்பைப் போட்டேன். கொதிக்குது, கொதிக்குது, கொதிச்சுக்கிட்டே கெடக்கு, பருப்பு மட்டும் அப்படியே கல்லு. மத்தியானமும் தாண்டிப் போச்சு, சம்பந்தியம்மா சேலை முந்தானைய வாயில வச்சுக்கிட்டுச் சிரிக்குது. கடை நடத்தி ஊருக்கே சோறு போடுறவ நான், ஒரு பருப்பை வேக வைக்க முடியாம நிக்குறேன். பழம்பருப்பை மலிவா வாங்கிப் போட்டிருக்கான் கஞ்சப் பயன்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. கேட்டேன். அதுக்கு அவன் என்ன சொன்னான்ங்கிற? "அத்தை, மேல ஏற ஏற எதுவும் சீக்கிரம் கொதிச்சிரும். ஆனா அந்தச் சூடு பத்தாது. குக்கருல போடுங்க"ங்கிறான்.

கேட்டியா? கொதிக்குமாம், சூடு பத்தாதாம். கொதிச்சாச் சூடுதானே தாயி? எனக்கே சமையல் பாடம் எடுக்குறான்.

யப்பா டிரைவரு, ஏன் இப்படி உருட்டுற? நடந்து போனாக்கூட முந்திருவேன் போலருக்கு. என்னது, ஏத்தமா? மலைன்னா ஏத்தம் இருக்கத்தான் செய்யும். தம்பி மதுரைப் பக்கமாம், மலைக்குப் புதுசாம், முன்னாடி உக்காந்திருக்கவர்கிட்ட சொல்லிக்கிட்டு வந்துச்சு. நல்ல ஆளுகிட்டத்தான் மாட்டியிருக்கோம். இந்த வெயிலைப் பாரு, மலை ஏறுனா குளுரும்பாங்க, எங்க குளுருது? பாறையெல்லாம் அனலா அடிக்குது. பின்னாடி சீட்டுல இருக்கிற பொண்ணு, ஏம்மா, கைப்பிள்ளைக்கு அந்தக் கம்பளிக் குல்லாவக் கழட்டு, வேர்த்து ஊத்துது பாரு. மேல போய்ப் போட்டுக்கலாம். ஆங், அப்படித்தான். தூங்குதா? தூங்கட்டும்.

என்ன சொல்லிக்கிட்டு வந்தேன்? ஆமா, போன சித்திரை. அதுக்கு முன்னாடி மக எங்கிட்டத்தான் பிரசவத்துக்கு வந்திருந்தா. ஆம்பளைப் பிள்ளை. அஞ்சாம் மாசம் பிள்ளையவும் தாயவும் புருசன் வீட்டுல கொண்டுபோய் விடணும், அது மொறை. நான் என்ன கொறை வச்சேன்? தொட்டிலு, வெள்ளியில அரைஞாணு, பித்தளைக் குண்டான், அவனுக்குப் பட்டு வேட்டி துண்டு, சம்பந்தியம்மாவுக்குச் சேலை. சீர்த் தட்டுகளைப் பரப்புனா எங்க தெருவே நின்னு பாத்துச்சு. அவன் வண்டியக் கொண்டாந்து நிறுத்திட்டு, "விடியக்காலையில கெளம்பிருவோம் அத்தை, வெயிலுக்கு முன்னாடி மேல ஏறிரணும்"ன்னான். அது எப்படிப் போறது? அன்னைக்கு வெள்ளிக்கெழமை. சொந்தக்காரங்க வந்து சாப்பிட்டு, பிள்ளைக்குப் பொட்டு வச்சு ஆசீர்வாதம் பண்ண வேணாமா? அதெல்லாம் முடிஞ்சா ராகு காலம் வந்துருச்சு. ராகு காலத்துல பச்சைப் பிள்ளைய வாசப்படி தாண்ட விடுவேனா? பன்னெண்டு அடிச்சப்பறம்தான் வண்டி நகரணும்னு ஒரே பிடியா நின்னேன். அவன் வானத்தைப் பாத்தான், என்னையப் பாத்தான். போய் வேனுக்கு அடியில படுத்து எதையோ தடவிப் பாத்துக்கிட்டுக் கெடந்தான். மூஞ்சிய மட்டும் உர்ருன்னு வச்சிருந்தான்.

ஏறுனோம். முன்னாடி அவனும் சம்பந்தியம்மாவும். பின்னாடி நான், எம்மக நாகஜோதி, அவ மடியில பிள்ளை, சுத்திலும் சீரு. அன்னைக்கும் இதே மாதிரிதான், அனலு. மேல ஏற ஏற வண்டி மெதுவா...

என்ன இது? வண்டி ஏன் இப்படித் திக்குது? ஏப்பா? ஒண்ணும் இல்லையா? ஒண்ணும் இல்லைன்னா ஏன் ஒதறுது? பெட்ரோல் வாடை வேற வருது. சன்னலத் தள்ளு தாயி.

இன்னும் கொஞ்ச தூரத்துல ஒரு கொண்டை ஊசி வளைவு வரும் பாரு. கருப்பு வளைவுன்னு பேரு. பாறையில கருப்பசாமி அருவாளோட நிப்பாரு. மேல போற வண்டி அங்க நின்னு சூடம் காட்டிட்டுத்தான் போகணும். சித்திரை வெயிலுல வண்டிக நிக்குறதும் அங்கதான். கேட்டா ஏத்தம்பான், எஞ்சின்பான், ஆளுக்கொரு காரணம் சொல்லுவான். கருப்புதான் நிறுத்துறாரு. தனக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாம எவனையும் அவரு விட மாட்டாரு. அன்னைக்கு அந்த வளைவு தெரியுறப்பவே நான் சொல்லிட்டேன், "வண்டிய நிறுத்துங்க மாப்ளே, சூடம் ஏத்திட்டுப் போவோம்"னு. அப்ப மாப்ளைன்னுதான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். "ஏத்தத்துல நிறுத்துனா இந்த வெயிலுக்கு மறுபடி எடுக்காது அத்தை. எறங்கும்போது நின்னு கும்பிட்டுக்கலாம்"ன்னான். சொல்லி வாய் மூடலை தாயி. கருப்புக்கு நேரா, சரியா அந்தப் பாறைக்கு முன்னாடி, வண்டி நின்னு போச்சு.

எனக்கு மேலு சிலுத்துப் போச்சு. அவனுக்கு ஒரு பயம் இருக்கணுமே? இல்லை. குதிச்சு எறங்கி, முன் சீட்டைத் தூக்கி, சீர்த் தட்டுல இருந்த புதுத் துண்டை உருவுனான். அவனுக்கு நான் எடுத்த பட்டுத் துண்டு. அதை எங்க குடிதண்ணியில முக்கி, எஞ்சினுக்குள்ள போட்டுச் சுத்துறான். புதுத் துண்டு, இன்னும் மஞ்சக்கூடக் காயலை. "என்ன மாப்ளே இது"ன்னேன். "பெட்ரோல் கொதிக்குது அத்தை. குழாய்க்குள்ளயே ஆவியாப் போயிருது, எஞ்சினுக்கு ஏற மாட்டேங்குது. ஆறட்டும். எல்லாரும் எறங்கித் தள்ளி நில்லுங்க"ன்னான்.

பெட்ரோலு கொதிக்குதாம். அடுப்பு எங்க இருக்குன்னு கேட்டேன். அடுப்பில்லாம எதும்மா கொதிக்கும்? நீ படிச்ச பிள்ளை, நீ சொல்லு. என்ன சிரிக்கிற? வெயிலுல கொதிக்கும்னா நான் ஏன் வெறகு வாங்குறேன், எங்க கடைக்கு முன்னாடி ரோட்டுல ஒலைய வச்சிற மாட்டேனா?

எறங்கு எறங்குன்னு ஆட்டைப் பத்துற மாதிரிப் பத்துனான். வெளிய ஒரு நெழலு கெடையாது. எம்மக பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்தா. "நீ இருடி, பால் குடிக்கிற பிள்ளைய வெயிலுல தூக்காத"ன்னு சொல்லிட்டு நான் மட்டும் எறங்குனேன். எறங்கித் தாம்பாளத்தை எடுத்தேன். வெத்தலைய வச்சு, அது மேல சூடத்தை வச்சு ஏத்துனேன். வண்டியச் சுத்திக் காட்டுனா கருப்பு கோவம் தணிஞ்சு விட்டுருவாருன்னு. இவன் அங்கிட்டுப் பின்பக்கம் போயி, பெட்ரோல் ஊத்துற மூடிய லேசாத் திருகிக்கிட்டு இருக்கான். புஸ்ஸுன்னு சத்தம் வருது, அவன் மூடிய அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்குறான். நான் சூடத்தோட வர்றதைப் பாத்தான் பாரு, பாத்துட்டுக் கத்துறான். "அத்தை, வேணாம்! அணைங்க! கிட்ட வராதீங்க, அணைங்க!" சாமிக்கு ஏத்துன சூடத்தை எந்த மனுசனாவது அணைன்னு சொல்லுவானா? சம்பந்தியம்மா வேற பாத்துக்கிட்டு நிக்குது. எனக்கு ரோசம் வந்துருச்சு. நான் வேணும்னே எட்டி நடந்தேன்.

பாஞ்சு வந்தான் தாயி. ஒரு கையால எரியுற சூடத்தை அப்படியே அள்ளி அமுக்கிப் பிடிச்சான், ஒரு கையால என்னையத் தள்ளி விட்டான். பொத்துன்னு விழுந்தேன் நடு ரோட்டுல. தாம்பாளம் உருண்டு பள்ளத்துக்குள்ள போயிருச்சு. எம் மாமியா குடுத்த தாம்பாளம். மகளுக்கு முன்னாடி, சம்பந்திக்கு முன்னாடி, கருப்புக்கு முன்னாடி, மாமியாளத் தரையில தள்ளுறான் ஒருத்தன். நான் விழுந்த எடமெல்லாம் பெட்ரோலு, ஓடிக் கெடக்கு. பட்டுச் சேலை, அரக்கு நெறம், தொவைச்சுத் தொவைச்சுப் பாத்தும் இன்னும் அந்த வாடை போகலை. பீரோவத் தொறந்தாலே அதுதான் அடிக்குது.

சாமி நெருப்பைக் கையால அமுக்குனான்ல, கை வெந்து போச்சு. கருப்பு அங்கனயே கேட்டுருச்சு. அந்தக் கையப் பொத்திக்கிட்டு, "ஜோதி, பிள்ளையத் தூக்கிட்டு எறங்கு, ஓடு"ன்னு அப்பவும் கத்திக்கிட்டுத்தான் இருந்தான். எறங்குனா. அவ எறங்குனதும் நான் அவ கையப் பிடிச்சேன். கீழ போற பஸ்ஸு ஒண்ணு வந்துச்சு, மறிச்சேன், ஏத்துனேன், கொண்டாந்துட்டேன். திரும்பிப் பாக்கலை. அவ அழுதா. அழுகட்டும்னு விட்டுட்டேன்.

அப்பறம் வாராவாரம் வந்தான். சந்தைக்குக் காய் கொண்டு வந்துட்டு, கேரட்டும் பூண்டும் ஒரு பையில போட்டு எடுத்துக்கிட்டு வருவான். நான் வாசப்படி ஏற விடலை. எதுத்தாப்புல டீக்கடையில உக்காந்து பிள்ளையப் பாத்துக்கிட்டே இருப்பான். பிள்ளையும் தவந்து தவந்து வாசல் வரைக்கும் போகும், நான் தூக்கிட்டு வந்துருவேன். ஒரு நாள் எங்க பெரியவரு ஒருத்தரு வந்து பேசுனாரு. நான் சொல்லிட்டேன், "கருப்பு வளைவுல வந்து, சூடம் ஏத்தி, எங்கால்ல விழுந்து, செஞ்சது தப்புன்னு சொல்லட்டும். அன்னைக்கே அனுப்புறேன்"னு. அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அத்தை, கால்ல விழச் சொல்லுங்க, இந்தா விழுறேன். ஆனா செஞ்சது தப்புன்னு மட்டும் சொல்ல மாட்டேன்." எப்படி இருக்கு கதை? அம்புட்டுத் திமிரு. அன்னைக்கோட பேச்சை நிறுத்துனவதான் நான்.

கை சுருங்கிப் போச்சுன்னு மக சொன்னா. விரலை முழுசா நீட்ட முடியலையாம், மம்பட்டிய எடது கையாலதான் அழுத்திப் பிடிக்கிறானாம். என்ன மருந்து போட்டானோ, எங்க போய்க் காட்டுனானோ, யாரு கேட்டா? நான் கேக்கலை.

இன்னைக்கு எனக்கு ரெண்டு வேலை தாயி. மொதல்ல அந்த வளைவுல எறங்கணும். அன்னைக்குப் பாதியில அணைஞ்ச சூடம் அது. பாதியில அணைஞ்சதுனாலதான் குடும்பம் ரெண்டா நிக்குது. அதை ஏத்தி முழுசா எரிய விட்டுட்டு மேல போவேன். யாரு தட்டி விடுறான்னு பாக்குறேன். போயி...

ஐயையோ, நின்னு போச்சா? எங்க நிக்குது? பாரு தாயி, எட்டிப் பாரு, பாறை தெரியுதா? அருவா தெரியுதா? கருப்பா! எனக்காகவே நிறுத்துனியா! பாத்தியா, நான் சொன்னேன்ல, அவரு நிறுத்துனாருன்னா நிறுத்துனதுதான்.

எறங்கு தாயி, எறங்கு, எங்கூட வா. ஏப்பா டிரைவரு, நீ எதையாவது நோண்டிக்கிட்டு இரு, நான் சூடத்தை ஏத்திட்டு வந்துர்றேன், வண்டி தானா எடுக்கும். ஏம்மா, நீ எறங்காத, பிள்ளை தூங்குதுல்ல, இந்த வெயிலுல எங்க போய் நிப்ப? அப்படியே உக்காந்திரு.

இந்தத் தாம்பாளத்தைப் பிடி. புதுசு, போன மாசம் வாங்குனது. காத்து அடிக்குது, கொஞ்சம் இந்தப் பக்கம் மறைச்சு நில்லு. ம், பத்திக்கிச்சு. குடு எங்கிட்ட. கருப்பா, எஞ்சாமி, நல்லாக் கேட்டுக்க. நான் யாருக்கும் கெடுதல் நெனைச்சதில்லை. எம்மகளையும் எம்பேரனையும் எங்கையில குடுத்துரு. அவனுக்கு நல்ல புத்தியக் குடு. வந்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை...

என்ன சத்தம் அது? ஏப்பா, அங்க என்ன பண்ற? மூடியத் தொறக்குறியா? டேய், தொறக்காதடா, அது புஸ்ஸுங்குது பாரு, தொறக்காத...

ஐயையோ! பீச்சியடிக்குது! தாயி, அங்க பாரு, கொதிக்குதே, பொங்கிப் பொங்கி ஊத்துதே! டேய், மூடுடா! மூஞ்சியத் தொடைக்காத, மூடு! பிள்ளை! பின் சீட்டுல பிள்ளை இருக்கு! ஏம்மா! பிள்ளையத் தூக்கு, குதி, குதிம்மா! இங்க ஓடி வருது, ரோட்டுல நம்மகிட்டத்தான் ஓடி வருது. தாயி, தள்ளிப் போ. போன்னு சொல்றேன்ல, மசமசன்னு நிக்குற, போடி!

கருப்பா! கருப்பா!

ஒண்ணுமில்லை. ஒண்ணுமில்லை தாயி, அணைஞ்சிருச்சு. பாரு, அணைஞ்சிருச்சு. பிள்ளை எங்க? எறங்கிட்டாளா? அந்தா நிக்குறா. நல்லாருக்குல்ல பிள்ளை? அழுகுது, அழுகட்டும், நல்லா அழுகட்டும். ஏப்பா, எல்லாரையும் அங்கிட்டுப் போகச் சொல்லு, பீடி கீடி எவனும் எடுக்கக் கூடாது, எடுத்தான்னா செருப்பு பிஞ்சிரும். டிரைவரு, கண்ணுல பட்டிருச்சா? தண்ணிய அடிச்சுக் கழுவு. சட்டையக் கழட்டிப் போடு.

ஏந்தாயி கீழ கெடக்க? முட்டியில சிராய்ச்சிருச்சா? எந்திரி, எந்திரி. நான்தான் தள்ளுனேன், ஆமா. அந்த நேரத்துல என்ன செய்ய? போ போன்னு சொன்னேன், நீ கேக்கவா செஞ்ச? வாயால சொல்லிக்கிட்டு நிக்க அங்க எங்க நேரம் இருந்துச்சு? கோவிச்சுக்காத.

கையா? காட்ட மாட்டேன், விடு. விடுன்னா. ஆ... மெதுவா. தண்ணி ஊத்து. இன்னும் ஊத்து. யம்மா, எரியுதே! வேற என்ன செய்யச் சொல்ற? கீழ போட்டிருந்தா அந்த ஓடி வந்த பெட்ரோலுல விழுந்திருக்கும். ஊதுனா சூடம் அணையுமா? தட்டோட வீசுனா எங்க போய் விழுமோ, எவன் கண்டான்? கையால அமுக்குறதைத் தவிர ஒரு வழியும் இல்லை. நீயே யோசிச்சுப் பாரு, யாரா இருந்தாலும் அதைத்தான்...

என்ன அப்படிப் பாக்குற? பாக்காத. என்னைய அப்படிப் பாக்காத தாயி.

கொஞ்சம் உக்காருவோம். அந்தா, அங்கிட்டுப் பாறை ஓரமா, வாடை அடிக்காத எடத்துல. தாம்பாளம் எங்க? கெடக்கட்டும் விடு.

எவ்வளவு வேகமாப் பொங்குச்சு பாத்தியா? பால் பொங்குற மாதிரி. அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை, ஒண்ணும் இல்லை. சும்மா கெடந்தது அப்படிக் கொதிக்குது. மேல ஏற ஏற எதுவும் சீக்கிரம் கொதிச்சிருமாம். ஒலைகூட அப்படித்தான் கொதிச்சுச்சு அங்க. பருப்புதான் வேகலை.

எம் போனை எடு தாயி, இடுப்புல சுருக்குப் பையில இருக்கும். இந்தக் கையால முடியலை. ஜோதின்னு போட்டிருக்கும் பாரு, அழுத்து. டவரு ஒரு கோடு காட்டுதா? போதும், போகும். காதுல வச்சுப் பிடி.

ஜோதியா? நான்தான்டி. அழுகாத, எதுக்கு அழுகுற? சண்டை போட வரலை. பிள்ளை என்ன பண்றான்? தூங்குறானா? சாப்பிட்டானா? ம். ம். நான் கருப்பு வளைவுல நிக்குறேன், வந்த வேனு நின்னு போச்சு. எனக்கு ஒண்ணும் ஆகலை. குரல் நல்லாத்தான் இருக்கு. ஜோதி, மாப்ளை இருக்காரா? ஆமாடி, மாப்ளைதான். அவருகிட்டக் குடு. குடுன்னா குடு.

மாப்ளே. நான்தான். ஆமா. இல்லை இல்லை, நீங்க இப்ப எறங்கி வராதீங்க, வண்டிய எடுக்காதீங்க. வெயிலு உச்சியில நிக்குது. பெட்ரோலு கொதிக்கும் மாப்ளே. ஆமா, அடுப்பில்லாமக் கொதிக்கும், நான் கண்ணால பாத்தேன். வெயில் தாழ வாங்க, நான் இங்கனயே உக்காந்திருக்கேன். பிள்ளையக் கொண்டு வர வேணாம், அவன் வீட்டுலயே இருக்கட்டும். நான் மேல வந்து பாத்துக்கிறேன். சரி. சரிங்க.

மாப்ளே, வச்சிராதீங்க. இருங்க. அன்னைக்கு ஒங்க கைக்கு என்ன மருந்து போட்டீங்க?